மெத்தாஸ்டிரோன்: மருந்தாகாமலே கடைக்கு வந்த மாத்திரை

மெத்தாஸ்டிரோன் என்ற தசை வளர்க்கும் ஸ்டீராய்டு எந்த மருந்துக்கடையிலும் விற்கப்பட்டதில்லை. மருத்துவர் எவரும் அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனாலும் 2005 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் சப்ளிமென்ட் கடைக்குள் நுழைந்து, வைட்டமினும் புரோட்டீன் பவுடரும் இருக்கும் அடுக்கிலேயே அதை எடுத்து, பணம் கட்டிவிட்டு வர முடிந்தது. அப்படி வாங்கித் தின்ற இளைஞர்களில் சிலர் கண் மஞ்சளாகி, இரவு முழுவதும் உடம்பைச் சொறிந்துகொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். நேற்றுவரை நோய்நொடி இல்லாமல் எடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆய்வுக் கட்டுரைகளுக்குள் கிடந்த ஒரு மூலக்கூறு மனிதரின் ஈரலுக்கு வந்து சேர்ந்த கதை இது. இந்தப் பொருள் இன்று தடை செய்யப்பட்டுவிட்டது. அது வந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கதையை இப்போதும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிழங்கில் தொடங்கிய குடும்பம்

மெத்தாஸ்டிரோனின் மூதாதை, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் காளையின் விதைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் அடால்ஃப் புட்டனாண்ட், லியோபோல்ட் ருசிக்கா இருவரும் தனித்தனியே அதைக் கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலிலிருந்து செய்து காட்டினார்கள். 1939-ல் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் ஹார்மோனைச் செய்வது அப்போது பெரும் செலவு பிடிக்கும் வேலை.

அந்தச் செலவைத் தகர்த்தவர் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலர். மெக்சிகோவின் வெராக்ரூஸ் காடுகளில் விளையும் ஒரு காட்டுக் கிழங்கில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் ஏராளமாக இருப்பதை 1940-களின் தொடக்கத்தில் கண்டார். யாழ்ப்பாணத்துச் சமையலில் இருக்கும் இராசவள்ளிக்கிழங்கும் அதே பேரினம்தான். டயோஸ்ஜெனினைச் சில படிகளில் உடைத்து ஹார்மோனாக்கும் முறையையும் மார்க்கர் வகுத்தார். 1944-ல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனம் தொடங்கியது. மார்க்கர் சீக்கிரமே விலகிப்போனார். ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ், கார்ல் ஜெராசி போன்ற வேதியியலர்கள் வந்தார்கள். கருத்தடை மாத்திரைக்கு அடிப்படையான நார்எத்திஸ்டிரோன் 1951-ல் அந்த ஆய்வகத்தில்தான் உருவானது.

கச்சாப்பொருள் மலிவாகக் கிடைத்ததும் வேதியியலர்கள் ஹார்மோனின் உருவத்தை மாற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் ஓர் அணுவைச் சேர்ப்பது, வேறோரிடத்தில் ஒன்றைக் கழிப்பது, பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது. இப்படி நூற்றுக்கணக்கான உருவங்கள் பிறந்தன. நோக்கம் நல்லது. மார்பகப் புற்றின் வளர்ச்சியைத் தடுக்க வேண்டும், இரத்தசோகையில் வாடுபவரைத் தேற்ற வேண்டும், நோயில் கரைந்த தசையை மீட்க வேண்டும். சின்டெக்ஸின் ஹோவர்ட் ரிங்கோல்டும் ரோசன்கிரான்ஸும் 1956-ல் வெளியிட்ட கட்டுரையிலும், ரிங்கோல்ட் குழுவினர் 1959-ல் வெளியிட்ட கட்டுரையிலும் சொல்லப்பட்ட உருவங்களின் கூட்டத்தில்தான் நம் மெத்தாஸ்டிரோனும் வருகிறது.

அதன் உடன்பிறப்புகள் சிலவற்றுக்கு வாழ்வு கிடைத்தது. ட்ரோஸ்டனலோன் ஊசிமருந்தாக மார்பகப் புற்று நோயாளிகளுக்குப் போனது. ஆக்சிமெத்தலோன் இரத்தசோகைக்கு மருந்தானது. மெத்தாஸ்டிரோன் மட்டும் காகிதத்திலேயே நின்றுவிட்டது. மருந்தாக ஒப்புதல் பெற வேண்டிய மனிதச் சோதனைகள் எதையும் அது கடக்கவில்லை.

இரண்டு மெத்தில்கள் செய்த வேலை

அது ஏன் பிற்காலத்தில் வியாபாரிகளின் கண்ணில் பட்டது என்று புரிய, அதன் உடலமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு என்றாலே நான்கு வளையங்கள் ஒட்டிய ஒரு சட்டகம். மூன்று வளையங்களில் ஆறாறு கார்பன்கள், நான்காவதில் ஐந்து. ஒட்டும் இடங்கள் பொதுவாக இருப்பதால் மொத்தம் 17 கார்பன்கள். டெஸ்டோஸ்டிரோனில் இதற்கு மேல் இரண்டு மெத்தில் தொகுதிகள், அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு கிளைகள், இருக்கும். எல்லாக் கார்பன்களுக்கும் எண் உண்டு. இந்தக் கதைக்கு மூன்று எண்கள் போதும்: 2, 3, 17.

டெஸ்டோஸ்டிரோனை மாத்திரையாக விழுங்கினால் பயன் மிகக் குறைவு. குடலில் உறிஞ்சப்படுவது எதுவும் முதலில் ஈரலுக்குத்தான் போகும். ஈரலின் நொதிகள் 17-ஆம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து ஹார்மோனைச் செயலிழக்கச் செய்துவிடும். அந்தக் கார்பனிலேயே ஒரு மெத்திலைச் சேர்த்துவிட்டால் நொதியால் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஈரலைத் தாண்டி இரத்தத்துக்குப் போய்விடும். வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உத்தியில்தான் நிற்கின்றன. டயானபால் என்று ஜிம்களில் பேர்பெற்ற மெத்தான்டியனோன், ஸ்டானோசோலால், ஆக்சிமெத்தலோன் எல்லாவற்றிலும் 17-ஆம் கார்பனில் அதே மெத்தில் உண்டு.

மெத்தாஸ்டிரோனில் கூடுதலாகச் சேர்ந்த முதல் மெத்தில் அங்கே. இரண்டாவது மெத்தில் 2-ஆம் கார்பனில். டெஸ்டோஸ்டிரோனைவிட வீரியம் கூடிய டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வடிவம் ஒன்று நம் உடம்பிலேயே இருக்கிறது. மெத்தாஸ்டிரோனின் சட்டகம் அதுதான். ஆனால் தசைக்குள் போனதும் அங்குள்ள நொதி அதன் 3-ஆம் கார்பனைத் தாக்கி அடக்கிவிடும். பக்கத்திலேயே, 2-ஆம் கார்பனில், ஒரு மெத்தில் இருந்தால் நொதி நெருங்குவது கடினமாகிறது. ஹார்மோன் தசையில் நின்று வேலை செய்கிறது. முதல் வளையத்தில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் உடம்பு அதை ஈஸ்ட்ரோஜனாகவும் மாற்ற முடியாது.

ஆக, ஈரலில் அழியாது, தசையில் அடங்காது, பெண் ஹார்மோனாக மாறாது. காகிதத்தில் வாசித்தால் தசை வளர்ப்பவரின் கனவு இது. ஈரல் அழிக்க முடியாத ஒரு பொருளை நாள்தோறும் விழுங்கினால் அந்த ஈரலுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் அந்தக் கனவு கேட்கவில்லை. அதற்கான பதில் மெத்தாஸ்டிரோன் பிறப்பதற்கு முன்பே கிடைத்திருந்தது. இதே 17-ஆம் கார்பன் மெத்திலைத் தாங்கிய மெத்தில்டெஸ்டோஸ்டிரோனைச் சாப்பிட்ட நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததை 1950 வாக்கிலேயே மருத்துவர்கள் இதழ்களில் எழுதிவிட்டார்கள்.

எலியிலிருந்து வந்த எண்கள்

1969-ல் ஜூலியஸ் விடா என்பவர் ஆண் ஹார்மோன் வகைப் பொருட்களின் வேதியியலையும் மருந்தியலையும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதுவரை இதழ்களில் சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளும் அவற்றின் சோதனை எண்களும் அதில் அட்டவணையாக அடுக்கப்பட்டன. மெத்தாஸ்டிரோனுக்கும் ஒரு வரி கிடைத்தது. மெத்தில்டெஸ்டோஸ்டிரோனை 100 என்று வைத்துக்கொண்டால், தசை வளர்க்கும் ஆற்றல் 400. ஆண்தன்மை விளைவு 20.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து விளம்பரங்களுக்கு விதையானவை இந்த இரண்டு எண்கள்தான். அவை எங்கிருந்து வந்தன என்பதை யாரும் வாங்குபவரிடம் சொல்லவில்லை. 1953-ல் ஹெர்ஷ்பெர்கர் என்பவர் வகுத்த ஒரு சோதனை முறை உண்டு. விதை நீக்கிய எலிக்குச் சில நாட்கள் பொருளைக் கொடுப்பார்கள். பிறகு எலியை அறுத்து, புராஸ்டேட் சுரப்பி எவ்வளவு வளர்ந்தது, மலவாயை ஒட்டிய ஒரு சிறு தசை எவ்வளவு வளர்ந்தது என்று எடை போடுவார்கள். தசையின் எடைக்கணக்கு முதல் எண். சுரப்பியின் எடைக்கணக்கு இரண்டாவது.

நூற்றுக்கணக்கான பொருட்களில் எதை மேலே ஆராயலாம் என்று வடிகட்ட நல்ல முறைதான். ஆனால் எலியின் அந்தத் தசை, ஆண் ஹார்மோனுக்கு அசாதாரணமாக இணங்கும் இனப்பெருக்கத் தசை. அது மனிதனின் புஜத்தையோ தொடையையோ பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. ஈரலைப் பற்றியோ இதயத்தைப் பற்றியோ அந்தச் சோதனை கேட்பதே இல்லை. 400 என்ற எண்ணை நம்பி மாத்திரை விழுங்கிய இளைஞன், விதை நீக்கிய எலியின் பின்புறத் தசையின் எடையை நம்பித்தான் விழுங்கினான்.

மூன்று சட்டங்களின் இடுக்கு

காகிதத்தில் கிடந்ததைக் கடைக்கு இழுத்துவந்தது சட்டத்தின் ஓட்டை. அமெரிக்கா 1990-ல் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. 1994-ல் சப்ளிமென்டுகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. மருந்து விற்க வேண்டுமானால் அது பாதுகாப்பானது என்று நிறுவனம் முதலில் நிரூபிக்க வேண்டும். சப்ளிமென்ட் என்றால் அந்தச் சுமை நிறுவனத்துக்கு இல்லை. விற்ற பிறகு, அது தீங்கானது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வணிகமே முளைத்தது. முதலில் வந்தவை, உடம்புக்குள் போய் ஸ்டீராய்டாக மாறும் முன்னோடிப் பொருட்கள். 1998-ல் பேஸ்பால் வீரர் மார்க் மெக்குவையர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்தபோது, அவர் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் சாப்பிடுவது செய்தியானது. அது அப்போது கடையில் கிடைக்கும் சப்ளிமென்ட். செய்தி வந்ததும் விற்பனை பெருகியது.

2003-ல் இன்னொரு வகை வெளிச்சத்துக்கு வந்தது. கலிபோர்னியாவின் பால்கோ நிறுவனம் பெரிய விளையாட்டு வீரர்களுக்குக் கொடுத்துவந்த ஒரு திரவத்தின் எச்சம் ஒட்டிய சிரிஞ்சு, லாஸ் ஏஞ்சலஸில் டான் காட்லின் நடத்திய ஊக்கமருந்து ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. காட்லின் குழு அதிலிருந்து டெட்ராஹைட்ரோஜெஸ்ட்ரினோன் என்ற புதிய ஸ்டீராய்டை இனங்கண்டது. சோதனையில் சிக்காமல் இருப்பதற்கென்றே அது ஒரு வேதியியலர் செய்த பொருள். வழக்கமான சோதனைக்குச் சிறுநீரைத் தயார்செய்யும்போதே சிதைந்துபோய்விடும். அதைச் செய்த பேட்ரிக் ஆர்னால்ட் 2006-ல் சிறை சென்றார். சோதனைக்கும் சட்டத்துக்கும் எட்டாமல் வடிவமைக்கப்படும் இத்தகைய பொருட்களுக்கு 'டிசைனர் ஸ்டீராய்டு' என்ற பெயர் அதன்பின் எங்கும் புழங்கலாயிற்று.

அமெரிக்க நாடாளுமன்றம் 2004 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தி ஆண்ட்ரோஸ்டீன்டையோன் முதலியவற்றைப் பட்டியலில் சேர்த்தது. திருத்தம் 2005 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதே 2005-ல் மெத்தாஸ்டிரோன் 'சூப்பர்ட்ரால்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. மருந்தாக ஒருபோதும் விற்காததால் சட்டம் எழுதியவர்களின் கவனத்தில் அது இல்லை. எனவே பட்டியலிலும் இல்லை. அதுவே விற்றவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மருந்தாகாததுதான் அந்தப் பொருளின் குறை. சட்டத்தின் கண்ணில் அந்தக் குறையே அதற்குக் கவசமாகிவிட்டது.

ஈரலில் நடந்தது

ஈரல் நாள்தோறும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. ஈரல் செல்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஓடுகின்றன. செல்லின் சுவரில் இருக்கும் கடத்திப் புரதங்கள் பித்த உப்புகளை அந்தக் குழாய்களுக்குள் தள்ளுகின்றன. 17-ஆம் கார்பனில் மெத்தில் தாங்கிய ஸ்டீராய்டுகள் இந்தத் தள்ளும் வேலையைக் குலைக்கின்றன. கடைமடை வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரப்பை மீறி வயலுக்குள்ளேயே திரும்புவதுபோல், பித்தம் செல்லுக்குள்ளும் இரத்தத்துக்குள்ளும் திரும்புகிறது. பித்தத்தின் மஞ்சள் நிறமியான பிலிருபின் ஏறிக் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. பித்த உப்புகள் உடம்பில் தேங்கி, சொறிந்தாலும் தீராத அரிப்பைத் தருகின்றன. குடலுக்குப் பித்தம் போகாததால் மலம் வெளுக்கிறது. பிலிருபின் கலந்து சிறுநீர் கறுத்துவிடுகிறது, பசி போய்விடுகிறது. எந்த எடைக்காக மாத்திரை சாப்பிட்டாரோ அந்த எடையே கரைகிறது.

2006-இலிருந்து அமெரிக்க மருத்துவ இதழ்களில் ஒன்றன்பின் ஒன்றாக நோயாளிகளின் கதைகள் வந்தன. பெரும்பாலும் இளைஞர்கள். சில வாரங்கள் சாப்பிட்டவர்கள். சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகே காமாலை தெரிந்தது. ஈரல் திசுவை எடுத்துப் பார்த்தால் அழற்சி அதிகமில்லை, பித்தம் தேங்கிக் கிடந்தது. வழக்கமாக ஒரு டெசிலிட்டருக்கு ஒன்றேகால் மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய பிலிருபின் சிலருக்கு இருபதையும் தாண்டியது. இரத்தத்தில் ஏறிய பித்தம் சிறுநீரகத்தையும் தாக்கியது. காமாலையோடு சிறுநீரகச் செயலிழப்பும் வந்த நோயாளியை 2009-ல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள்.

அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து கண்காணிக்கும் ஒரு வலையமைப்பு உண்டு. அதன் ஆய்வு 2014-ல் வெளியானது. ஆராய்ந்த 839 நோயாளிகளில் 45 பேருக்குப் பாதிப்பு வந்தது உடற்கட்டு சப்ளிமென்டால். அவர்களின் காமாலை நீடித்த இடைநிலைக் காலம் 91 நாட்கள். மூன்று மாதம்! அவர்களில் யாரும் இறக்கவில்லை, யாருக்கும் மாற்று ஈரல் தேவைப்படவில்லை என்பது ஆறுதல். ஆனால் மூன்று மாதம் வேலைக்குப் போகாமல், தூங்காமல், எப்போது தீரும் என்று தெரியாமல் கிடப்பது சின்ன விஷயமில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஈரல் பாதிப்புகளில் எல்லா வகை சப்ளிமென்டுகளின் பங்கும் சேர்ந்து 2004-05 காலத்தில் 7 சதவீதமாக இருந்தது, 2010-12 காலத்தில் 20 சதவீதமாக உயர்ந்திருந்தது.

ஈரலோடு முடிவதில்லை. வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வந்து கொட்டுவதை மூளையின் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி உணர்ந்து, விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். மாத்திரையை நிறுத்தியதும் உள்ளேயும் ஹார்மோன் இல்லை, வெளியிலிருந்தும் இல்லை. சோர்வும் மனச்சோர்வும் ஆண்மைக் குறைவும் அப்போது சேர்ந்து வரும். இந்த வகை ஸ்டீராய்டுகள் நல்ல கொலஸ்டிரால் என்று சொல்லும் ஹெச்.டி.எல். அளவைக் கடுமையாகக் குறைத்து, கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும். இவற்றில் எதையும் ஜிம் கண்ணாடி காட்டாது.

'என் நண்பன் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சு ஜிம்களில் அடிக்கடி கேட்கும். பித்தக் குழாயின் கடத்திப் புரதங்கள் எல்லோருக்கும் ஒரேமாதிரி இருப்பதில்லை. ஒருவருக்குத் தாங்கியது இன்னொருவருக்குத் தாங்காது. யாருக்குத் தாங்காது என்று சாப்பிடும் முன் சொல்லக்கூடிய சோதனை எதுவும் வழக்கில் இல்லை. நண்பனின் அதிர்ஷ்டம் நமக்கு மருத்துவச் சான்றாகாது.

பெயர் மாறிய பயணம்

2005 இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் கடைகளில் கிடைத்த சில சப்ளிமென்டுகளைக் காட்லினின் ஆய்வகத்தில் சோதிக்கச் செய்து, அவற்றில் ஸ்டீராய்டுகள் இருப்பதை வெளியிட்டது. சூப்பர்ட்ராலும் அவற்றில் ஒன்று. 2006 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விற்பனையாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இது சப்ளிமென்டே அல்ல, ஒப்புதல் பெறாத மருந்து என்பது அதன் வாதம். சப்ளிமென்ட் சட்டத்தின்படியே பார்த்தாலும் வைட்டமின், தாது, மூலிகை, அமினோ அமிலம் என்ற வரையறை எதிலும் மெத்தாஸ்டிரோன் அடங்காது.

மூலப் பெயர் அடுக்கிலிருந்து இறங்கியது, மூலக்கூறு இறங்கவில்லை. வேறு வேறு பெயர்களில், வேறு வேறு டப்பாக்களில் அதே பொருள் வந்துகொண்டிருந்தது. 2009 ஜூலையில் உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. ஈரல் பாதிப்போடு பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக் கட்டி ஆகிய புகார்களும் இத்தகைய பொருட்களோடு வந்திருப்பதாகச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு பெரிய இணையக் கடை ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்ற ஐயத்தில் 65 பொருட்களைத் திரும்பப் பெற்றது.

சட்டம் மெதுவாகவே நடந்தது. ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் அது வேதியியலிலும் மருந்தியலிலும் டெஸ்டோஸ்டிரோனுக்கு உறவானது என்று அரசு காட்ட வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். மெத்தாஸ்டிரோன் 2012 ஆகஸ்டில்தான் கட்டுப்படுத்தப்பட்ட பொருளானது. கடைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குப் பின்னும் அது இருந்தது. 2013 ஜூலையில் உணவு மருந்து நிர்வாகம் ஒரு வைட்டமின் பி மாத்திரையைப் பற்றி எச்சரித்தது. சோதனையில் அதற்குள் மெத்தாஸ்டிரோனும் டைமெத்தசினும் இருந்தன. டைமெத்தசின் என்பது இரண்டு மெத்தாஸ்டிரோன் மூலக்கூறுகளை நைட்ரஜன் பாலத்தால் இணைத்த பொருள். இரைப்பையின் அமிலத்தில் பாலம் உடைந்து இரண்டும் மெத்தாஸ்டிரோனாகிவிடும். தசை வளர்க்கும் ஆசை துளியும் இல்லாமல், வெறும் வைட்டமின் என்று நம்பிச் சாப்பிட்ட பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறாக முடி முளைத்தது, மாதவிலக்கு நின்றது. ஆண்களுக்கு ஆண்மைக் குறைவும் குறைந்த டெஸ்டோஸ்டிரோனும் வந்தன. நிர்வாகத்துக்கு 29 புகார்கள் வந்திருந்தன.

மெத்தாஸ்டிரோனின் பயணத்தில் என்னை மிகவும் உலுக்குவது இந்தக் கட்டம்தான். சூப்பர்ட்ரால் டப்பாவில் குறைந்தது பொருளின் ரசாயனப் பெயராவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. தெரிந்து அபாயத்தை எடுப்பவரிடமிருந்து தெரியாமல் விழுங்குபவரிடம் பொருள் வந்துசேர்ந்துவிட்டது.

2014 டிசம்பரில் அமெரிக்கா மீண்டும் சட்டம் இயற்றி இருபத்தைந்து பொருட்களைச் சேர்த்தது. பட்டியலில் உள்ளதற்கு நெருங்கிய உருவம் கொண்டதைத் தசை வளர்ப்புக்கென்று விற்றாலும் குற்றம் என்றது. ஸ்டீராய்டை லேபிளில் மறைப்பதையும் குற்றமாக்கியது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் மெத்தாஸ்டிரோனின் பெயர் இருக்கிறது. அதோடு, ஒத்த வேதி உருவமோ ஒத்த விளைவோ கொண்ட எதுவும் தடை என்ற வரியும் அதில் உண்டு. பெயர்களைத் துரத்துவதைவிட உருவத்தைத் தடுப்பதுதான் சரியான வழி. நாட்டுச் சட்டம் அந்த இடத்துக்கு வந்துசேர்வதற்குள் பல இளைஞர்கள் விலை கொடுத்துவிட்டார்கள்.

நம் ஊர் ஜிம்முக்கு ஒரு வார்த்தை

சப்ளிமென்ட் டப்பாவை நம்பிக் கெட்டவர்கள் நம் நாட்டிலும் உண்டு. 2011-ல் இந்தியத் தடகள வீராங்கனைகள் சிலர் மெத்தான்டியனோன், ஸ்டானோசோலால் ஆகியவற்றுக்குச் சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் வழியாக வந்த ஜின்செங் மாத்திரைதான் காரணம் என்று வாதிட்டார்கள். 2012-ல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அவர்களுக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. உடம்புக்குள் எப்படி வந்தது என்பது வேறு, வந்ததற்குப் பொறுப்பு வீரரே என்பதுதான் விளையாட்டுலகின் விதி.

இந்தியாவில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகள், சத்துணவுப் பொருட்களில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கவே கூடாது என்கின்றன. எனவே 'சப்ளிமென்ட்தான், ஸ்டீராய்டு மாதிரி வேலை செய்யும்' என்று யாராவது உங்களிடம் விற்றால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது சட்டத்தை மீறுகிறார். இரண்டில் எதுவானாலும் அந்த டப்பா உங்களுக்கு வேண்டாம்.

லேபிளில் எண்களும் கோடுகளும் கலந்த ரசாயனப் பெயர் இருந்தால், அதில் 'மெத்தில்' என்றும் '17' என்றும் கண்ணில் பட்டால், கீழே வையுங்கள். சில வாரங்களில் பல கிலோ தசை என்று வாக்குக் கொடுத்தாலும் கீழே வையுங்கள். பருப்பும் பாலும் முட்டையும் புரோட்டீன் பவுடரும் அந்த வேகத்தில் தசை தராது. அந்த வேகத்தில் தருவது ஹார்மோன் மட்டுமே. கூடவே ஈரலைக் காக்கும் மாத்திரை ஒன்றையும் சேர்த்து விற்பார்கள். அது பித்த அடைப்பைத் தடுக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது.

ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பயந்து மறைக்காதீர்கள். அரிப்பு, கறுத்த சிறுநீர், வெளுத்த மலம், மஞ்சள் கண் இவற்றில் எது தெரிந்தாலும் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தக் காமாலையில் காத்திருப்பது சிறுநீரகத்தையும் பணயம் வைப்பது. என்ன சாப்பிட்டோம் என்று சொன்னால்தான் மருத்துவர் வீண் சோதனைகளில் நாளைக் கடத்தாமல் நேராகக் காரணத்துக்கு வர முடியும்.

ஜிம் நடத்தும் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வரும் பதினெட்டு வயதுப் பையன், டாக்டர் சொல்வதைவிட நீங்கள் சொல்வதை நம்புகிறான். அடையாளம் தெரியாத மாத்திரை எதையும் உங்கள் கையால் கொடுக்காதீர்கள், உங்கள் கூரையின் கீழ் யாரும் விற்கவும் விடாதீர்கள். தசை மெதுவாகத்தான் வளரும் என்று அவனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.